இடக்கை செய்த குற்றமென்ன?

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். இரண்டும் பேசினால்தான் அது இசை. ஆனால் அதை முழக்கும் கலைஞனுக்கு மட்டும் வலக்கையே வாழ்வு தரும், இடக்கை வாய்ப்பைப் பறிக்கும் என்றொரு தீர்ப்பை மேடை எழுதி வைத்திருந்தது. அத்தீர்ப்பை எதிர்த்துத் தம் விரல்களாலேயே வழக்காடியவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

திண்டுக்கல் நாகல் நகர்த் தோழர்களுக்குப் பழனி அயலூர் அன்று. ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பழனி என்றால் மலை தெரியும், பஞ்சாமிர்தம் தெரியும், இந்த லயமேதையைத் தெரிந்தோர் எத்தனை பேர்?

அவர் பிறந்தது இசைக் குடும்பம். தந்தை முத்தையா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். வீடே பள்ளி, தந்தையே ஆசான். குறை சொல்ல இடமில்லாத பயிற்சி! ஆயினும் குறை கண்டார்கள். எதில்? கையில்!

பாடகரின் வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் பிடில் என்பது மேடை வழக்கம். அப்படி அமர்ந்தால் வலந்தலை அவையை நோக்கும். இடக்கைக் கலைஞர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை பின்சுவரை நோக்கும். பரிகாரம் என்ன? பிடிலும் மிருதங்கமும் இடம் மாறி அமர்வது; அவ்வளவே! இரண்டு பாய்களை மாற்றிப் போட மனமின்றி ஒரு மேதையை ஒதுக்கப் பார்த்தார்கள். செவிக்காக ஏற்பட்ட வழக்கம், செவியையே அடைத்த கொடுமை இது!

அவ்வழக்கத்தை மீறித் துணிந்து பக்கத்தில் அமர்த்திக்கொண்டவர் செம்பை வைத்தியநாத பாகவதர். அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. நேர்மையான செவி எங்கிருந்தாலும் போற்றுவோம். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் முழக்க, பழனியார் கஞ்சிரா ஏந்திய மேடைகளும் உண்டு.

அவர் வாசிப்பின் சிறப்பு ஆரவாரமன்று. தொப்பியில் குழைந்தெழும் கும்கி, பிசகாத கணக்கு, பாட்டின் மூச்சறிந்து விடும் இடைவெளி ஆகியவையே அவருடைய செல்வம். முழக்கத் தெரிந்தவர் பலர். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் சிலர்.

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்கக் கறுப்பர்களின் துயரிலே பிறந்த புளூஸ் இசையில், மிசிசிப்பியில் தோன்றிய ஆல்பர்ட் கிங் இடக்கையர். வலக்கையருக்கான கிட்டாரை, நரம்புகளையும் மாற்றாமல், தலைகீழாகப் பிடித்தே வாசித்தார். அந்தத் தலைகீழ்ப் பிடிப்பே அவருக்குத் தனிக்குரல் தந்தது. குறையென்று உலகம் சொன்னது குணமாயிற்று!

பழனியார் 1962இல் மறைந்தார். சென்னை மியூசிக் அகாதெமி ஒரு மிருதங்கக் கலைஞருக்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி வழங்கியது 1966இல். பெற்றவர் மணி ஐயர். தகுதியானவருக்கே கிடைத்தது. ஆனால் தாளத்தைத் தாங்கியவர்களை அத்தனை ஆண்டுக் காலம் 'பக்கவாத்தியம்' என்று பக்கத்திலேயே நிறுத்தி வைத்தது எந்த நியாயம்?

பட்டம் வராவிடினும் பரம்பரை வந்தது. வீணை தனம்மாளின் பேரர் டி. ரங்கநாதன் அவரிடம் கற்று, 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகம் சென்றார். 2011இல் அதே சங்கீத கலாநிதி அவரைத் தேடி வந்தது. குருவுக்கு இடம் மாற்றித் தரத் தயங்கிய மேடை, மாணவரை நடுவில் அமர்த்தி மாலையிட்டது!

தோழர்களே! "இது வழக்கம்" என்று எவரேனும் சொன்னால், "எதற்காக ஏற்பட்ட வழக்கம்?" என்று கேளுங்கள். காரணம் இருந்தால் காப்போம். இல்லையேல் பாயை மாற்றிப் போடுவோம். கலைஞனை மாற்றச் சொல்லோம்!