குறிஞ்சி மண்ணில் நா. பா.வை எப்படி ரசிப்பது?

பீர்மேட்டில் ஆனி, ஆடி மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. குட்டிக்கானம் வளைவுகளில் பட்டப்பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு வண்டிகள் ஊரும். எஸ்டேட் லயங்களில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். நீண்ட காதல் நாவல் ஒன்றை எடுத்து உட்கார இதைவிட நல்ல பருவம் இல்லை. தலைமுறைகளாகத் தமிழ் பேசிவரும் இந்த மலைக்கு நான் பரிந்துரைப்பது நா. பார்த்தசாரதியை.

நா. பா. 1932-இல் பிறந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பண்டிதர் பட்டம் பெற்று, தமிழாசிரியராக இருந்து, பிறகு 'கல்கி' இதழில் சேர்ந்தார். 'மணிவண்ணன்' என்ற பெயரில் அங்கே அவர் தொடராக எழுதிய 'குறிஞ்சி மலர்' வாசகர்களை ஆட்கொண்டது. அதன் நாயகன், நாயகி பெயர்களான அரவிந்தன், பூரணி என்பவற்றைப் பெற்றோர்கள் தம் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். 'பொன் விலங்கு' தொடர்ந்தது. 1965-இல் 'தீபம்' இதழைத் தொடங்கினார். 'சமுதாய வீதி' நாவலுக்கு 1971-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1987 டிசம்பரில், 55 வயது நிறையும் முன்பே மறைந்தார்.

வாரக்கணக்கில் படியுங்கள்

'குறிஞ்சி மலர்' வாரம் ஓர் அத்தியாயமாக வந்த கதை. ஒரே மூச்சில் படித்தால் அதன் நீளமான உரையாடல்கள் அலுப்பூட்டும். நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். மூடி வைத்த பிறகு பூரணி அடுத்து என்ன செய்வாள் என்று நீங்கள் யோசிக்கும் நேரமும் வாசிப்பில் சேர்ந்ததுதான்.

வாய்விட்டுப் படியுங்கள்

அத்தியாயங்களின் தலைப்பில் கவிதை வரிகள் நிற்கும். அவற்றைத் தாண்டி ஓடாதீர்கள்; வரப்போகும் மனநிலைக்கு அவையே சுருதி கூட்டுகின்றன. சங்க இலக்கியத்தில் ஊறிய பண்டிதரின் உரைநடை இது. அடுக்கிவரும் சொற்களின் ஓசை கண்ணுக்குச் சற்று மிகையாகத் தெரியும், காதுக்கு இதமாக இருக்கும். வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

காதலை வேலையில் தேடுங்கள்

தந்தையை இழந்த பூரணி, தம்பி தங்கைகளைக் காப்பாற்ற உழைக்கிறாள். மங்கையர் கழகத்தில் பாடம் சொல்கிறாள். அரவிந்தன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். இவர்களிடையே ஆசை வார்த்தைகள் குறைவு. பூரணியின் தந்தை எழுதிய நூல்களை அச்சேற்ற அரவிந்தன் எடுக்கும் அக்கறையைக் கவனியுங்கள். அதுதான் அவன் காதலைச் சொல்லும் விதம். ஒருவர் சுமையை மற்றவர் மதிப்பதே நா. பா.வின் உலகில் காதல். காலையில் கொழுந்து கிள்ளப் போய், மாலையில் குடும்பத்தையும் சுமக்கும் பெண்கள் வாழும் ஊரில் பூரணியைப் புரிந்துகொள்ள உரை தேவையில்லை.

மலையை மறக்காதீர்கள்

மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சித் திணை. காதலர் கூடுவது அதன் உரிப்பொருள் என்றார்கள் முன்னோர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, பீர்மேடு இருக்கும் இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறை அடுத்த இரவிகுளத்தில் 2006-இலும் 2018-இலும் மலைச்சரிவை மூடியது. அரிதாகப் பூப்பதைத் தன் நாயகிக்கு அடையாளமாக்கினார் நா. பா. ஆனால் கூடலுக்குரிய மலரைத் தலைப்பில் வைத்துவிட்டு, அரவிந்தனைச் சாகவிட்டுப் பூரணியைத் தனியே வாழவைத்தார். திருமண முடிவை எதிர்பார்த்திருந்த வாசகர்களுக்கு இது பேரிடி. நாவலின் மதிப்பு தங்கியிருப்பதும் இந்த முடிவில்தான்: காதலனை இழந்தவளின் வாழ்க்கை அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

அடுத்து 'சமுதாய வீதி'

'குறிஞ்சி மலர்' மாந்தர்கள் குறையே இல்லாதவர்கள் என்ற விமர்சனம் நியாயமானது. நல்லவர்கள் மிக நல்லவர்களாகவே இருக்கிறார்கள். பல இடங்களில் பேச்சு பிரசங்கமாகிறது. அந்தக் குறை உறுத்தினால் 'சமுதாய வீதி'க்கு வாருங்கள். நாடகாசிரியன் முத்துக்குமரன் கர்வக்காரன். பழைய நண்பனும் இன்றைய நட்சத்திர நடிகனுமான கோபாலின் நிழலில் இருந்தவள் மாதவி. அவளை முத்துக்குமரன் நேசிக்கிறான், சந்தேகிக்கிறான், சொல்லால் காயப்படுத்துகிறான். நாடகக் குழு மலேசியா போகும் பகுதியில் பணமும் செல்வாக்கும் ஒரு பெண்ணை எப்படிப் பண்டமாக்குகின்றன என்பதைப் பாருங்கள். முத்துக்குமரனின் கோபத்தில் எவ்வளவு நேர்மை, எவ்வளவு ஆண் அகங்காரம் என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

இரண்டு நாவல்களையும் இதே வரிசையில் படித்தால் ஓர் எழுத்தாளரின் வளர்ச்சி தெரியும். முதலாவதில் காதலர்கள் வணங்கத்தக்கவர்கள். இரண்டாவதில் நம்மைப் போன்றவர்கள். ஜனரஞ்சகத் தொடர்கதை என்று இவற்றை ஒதுக்குவது தவறு. பெண்ணின் உழைப்பையும் தன்மானத்தையும் காதலின் நடுவே வைத்து, லட்சக்கணக்கானோர் வாசிக்கும்படி எழுதியவர் நா. பா. இந்த மழைக்காலத்தில் 'குறிஞ்சி மலரை'த் தொடங்குங்கள். வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால் முதல் அத்தியாயத்தை அவர்கள் வாயால் படிக்கச் சொல்லுங்கள்.