சூலையும் காசும்

திருநாவுக்கரசு நாயனாரைப் பற்றிய சூலைநோயைச் சமணஞ் சார்ந்தமைக்கு இறைவன் விதித்த ஒறுப்பென்று கூறுவாரும் உளர். பெரியபுராணத்தை ஊன்றிக் கற்பார்க்கு இஃது ஒவ்வாது. திலகவதியார் திருவதிகைப் பெருமானிடம் வேண்டியது தம்பியாரின் மீட்சியையே; அவ்வேண்டுகோள் நிறைவேறிய வழியே சூலை. வெறும் ஒறுப்பாயின், நோய் தீர்ந்தவிடத்து நாவுக்கரசென்னும் திருநாமம் அருளப்பெறுவானேன்? இதனையே மறக்கருணை என்பர் நம் பெரியோர்.

நலத்தில் வரும் அருளை அறிதலோ இன்னும் அரிது. (துன்பத்திலாயினும் நம்மனோர் கோயிலை நினைக்கின்றனர்!) வற்கடத்தில் திருவீழிமிழலையிற் பெற்ற படிக்காசை அடியார்க்கு அமுதாக்கிய நாயனார், திருப்புகலூரில் உழவாரம் நுழைந்தவிடத்துப் பொலிந்த பொன்னையும் மணியையும் பருக்கைக் கல்லோடு ஒப்பவாரி வாவியில் எறிந்தார். காசு அடியார் பசிக்கு வந்தது. பொன்னோ அவர்தம் நன்னிலையை உலகறியக் காட்ட வந்தது. எறிந்ததை வியந்து விரித்து, ஏற்றதை ஒருவரியிற் கடந்துசெல்லும் சொற்பொழிவாளர், சேக்கிழார் பெருமான் இரண்டனையும் பாடியதன் கருத்தைச் சிறிதும் ஓர்ந்திலர்.