இராமநாதனுக்கு அஸீஸ் எழுதிய பதிலும் எங்கட வகுப்பறைக் கிரகித்தலும்

கிரகித்தல் என்றால் எங்கட வகுப்பறைகளில் ஒரே அர்த்தம்தான். பந்தியைக் கொடுத்து, அதற்குள்ளேயே கிடக்கிற விடையைத் தேடி எழுதச் சொல்வது. எழுதியவர் எதை வைத்து இப்படிச் சொல்கிறார் என்று வினாத்தாள் கேட்பது அபூர்வம். அதனால் ஒரு கதையைப் பற்றி நாலு வரி சுயமாக எழுதுகிற பிள்ளைகூட, வரலாற்றுக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தால் தடுமாறிப்போகிறது. இல்லாவிட்டால், "இது சமூகத்துக்குக் கிடைத்த அரிய பொக்கிஷம்" என்று முடித்துவிடுகிறது. அது பிள்ளையின் சொந்த வசனமல்ல. நூல் வெளியீடுகளில் நாங்கள் பேசிப் பேசிப் பழக்கியது.

வாசித்ததற்கு எப்படித் துலங்க வேண்டும் என்பதற்கு எங்கட சமூகத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். வீட்டில் பேசும் மொழி, வரலாறு, வழக்கங்கள், உடலமைப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவரது முடிவு. இதை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1907இல் வெளிவந்தது.

இவ்விரண்டின் சாரத்தையும் தமிழில் கொடுத்து, உயர்தர வகுப்பில் அபிப்பிராயம் எழுதச் சொன்னால் என்ன வருகிறது? "இராமநாதன் முஸ்லிம்களின் எதிரி. 1915 கலவரத்தில் அவர் யாருக்காகப் பேசினார் என்பது தெரிந்ததே." அநேகமான கொப்பிகளில் இவ்வளவுதான். 27 வருடம் கழித்து நடந்ததை வைத்து 1888ஐ வாசிக்கிறார்கள். ஆளைத் தெரிந்தால் போதும், எழுத்தை வாசிக்கத் தேவையில்லை என்ற நினைப்பு. (மேடையில் நாங்கள் மட்டும் என்ன செய்கிறோமாம்?)

அரசியலைப் பார்க்கக் கூடாது என்பதல்ல. அப்போது இராமநாதன் சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதி. அடுத்த வருடமே, 1889இல், சோனகருக்கெனத் தனி ஆசனம் கிடைக்கிறது. இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவரின் நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டதால் மட்டும் அவர் சொன்ன நியாயம் உடைந்துவிடாது. அஸீஸ் கோபத்தோடு நின்றுவிடவில்லை. மொழி இனத்துக்குச் சான்றாகாது என்று வாதத்துக்கு வாதமாகப் பதில் சொன்னார்.

இப்போது நான் முதலில் எழுதச் சொல்வது இராமநாதனின் பக்கத்தை. அவரே வாசித்தாலும் "ஓம், நான் சொன்னது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். "அவருக்காக நாங்க ஏன் சேர் எழுதணும்?" என்று முணுமுணுப்பு வரும். எழுதி முடித்த பிறகுதான் அந்த நான்கு ஆதாரங்களில் எது பலமானது, எது சொத்தையானது என்ற கேள்வி. ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "எங்கட உம்மம்மாவும் தமிழ்தான் பேசுவாங்க. மொழி சான்று இல்லையெண்டா, அந்த மொழி எங்களுக்கு எப்படி வந்ததெண்டு அஸீஸ் சொல்லணும்." அதற்காகத் திரும்பவும் நூலுக்கே போக வேண்டி வந்தது. நான் எதிர்பார்க்கிற துலங்கல் இந்த மாதிரித்தான்.

கஷ்டமான இடம் இதற்குப் பிறகு வருகிறது. பிரதம நீதியரசராக இருந்த அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய ஒரு குறிப்பு எங்கட பேச்சாளர்களுக்கு மிகவும் பிரியமானது. கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமைக்குத் தப்பிய ஹாஷிம் குடும்பத்து அரபிகள், 8ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கு குடியேறினார்கள் என்பது அதன் சாரம். ஜோன்ஸ்டன் இதை வழிவழியாக வந்த கதையாகத்தான் பதிகிறார். சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையில் ஆயிரம் வருடத்துக்கு மேல் இருக்கிறது. அந்தக் கலீபா மௌத்தானது 705இல். திகதி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பதைப் பிள்ளைகளே கணக்குப் பார்க்கட்டும்.

இராமநாதனிடம் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று துணிந்து கேட்ட கொப்பிகள், ஜோன்ஸ்டனுக்கு முன்னால் வாயடைத்துப்போகின்றன. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு, எழுத்துப்பிழை இருந்தாலும், நான் கூடப் புள்ளி போடுகிறேன்.