ஷட் டவுன் அன்று மாடி சோலார் என்ன செய்யும்?

கோயம்புத்தூரில் மாவாட்டும் நாளைத் தீர்மானிப்பது பேப்பரில் வரும் ‘நாளை மின்தடை’ பெட்டிச் செய்திதான். மாதப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் மாலை 4 மணிக்குத்தான் வரும். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்ட தைரியத்தில் அந்தச் செய்தியைப் பார்ப்பதையே நான் விட்டுவிட்டேன். அடுத்து வந்த ஷட் டவுன் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மாடியில் ஆறு பேனல் மினுங்கின. கீழே ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை. மாட்டிக்கொடுத்த தம்பிக்கு போன் போட்டேன். “கரண்ட் கட்டானா சோலாரும் கட்டுங்ணா. எல்லா வீட்லயும் அப்படித்தானுங்ணா.”

அவர் சொன்னது சரிதான். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். கம்பியில் கரண்ட் இல்லை என்று தெரிந்த மறுகணமே அது தன்னை நிறுத்திக்கொள்ளும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு என் வீட்டுக் கரண்ட் ஷாக் அடிக்கக் கூடாதல்லவா? ஆக, வெயில் நன்றாகக் காயும் பகல் ஏழு மணி நேரமும் பேனல் சும்மா கிடக்கும். பேட்டரி வாங்கலாமா என்று நான் விசாரிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

முதலில் ஒரு கணக்கு. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பேட்டரி போட்டால் பில் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அது உண்மை. அங்கே சோலார் யூனிட்டை வெளியே விற்றால் கிடைப்பது சொற்பம், இரவில் வாங்கும் விலையோ பல மடங்கு. அதனால் 2025 ஜூலை முதல் வீட்டு பேட்டரிக்கு அரசே தள்ளுபடி தருகிறது. நம் ஊரில் வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டர் உண்டு. பகலில் ஒரு யூனிட் கொடுத்தால் பில்லில் ஒரு யூனிட் கழியும். செலவில்லாத பேட்டரி மின்வாரியமே. சொந்த பேட்டரியில் பத்து யூனிட் ஏற்றினால் திரும்பி வருவது ஒன்பது சொச்சம்தான். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும் பேனலுக்குத்தான், பேட்டரிக்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. பில்லை நினைத்து பேட்டரி வாங்காதீர்கள். கரண்ட் போகும் நேரத்தை நினைத்து வாங்குங்கள்.

2012 வாக்கில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் வாங்கிய டியூபுலர் பேட்டரி என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் முன்பு இருந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1.8 யூனிட். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால், கைக்கு வருவது ஒரு யூனிட்டுக்கும் கீழே. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் அதுவும் போச்சு. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் உண்டு. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஃபேனும் லைட்டும் போதும் என்கிற வீட்டுக்கு இன்றைக்கும் அதுவே நல்லது. வெட்கப்படாமல் வாங்கலாம்.

நான் மாறியது லித்தியத்துக்கு. எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகை. 3.2 வோல்ட் செல் 16 சேர்ந்தால் 51.2 வோல்ட், அதில் 100 ஆம்பியர்-மணி என்றால் 5.12 யூனிட். பத்தில் எட்டு ஒன்பது பங்கைத் தாராளமாக எடுக்கலாம். ஆன்-கிரிட் இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, பேனலையும் பேட்டரியையும் சேர்த்து கரண்ட் போனாலும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் மாட்டினேன். கடைக்காரர் 10 யூனிட் பேட்டரிதான் வேண்டும் என்று வற்புறுத்தினார். வேண்டியதில்லை என்பதை அடுத்த ஷட் டவுன் காட்டிவிட்டது. காலையில் பேட்டரி 60 சதவீதம். ஃபிரிட்ஜ், நாலு ஃபேன், கம்ப்யூட்டர், இரண்டு லிட்டர் கிரைண்டர் எல்லாம் ஓடின. மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால் 100 சதவீதம். நம் ஊர் ஷட் டவுன் பகலில் வருகிறது. சுமையைத் தூக்குவது பேனல், பேட்டரி பக்கத்தில் நின்று கைகொடுத்தால் போதும். சின்ன பேட்டரியும் நல்ல ஹைபிரிட்டும், இதுதான் என் சிபாரிசு.

ஆனால் முதலில் வந்த பேட்டரிப் பெட்டி என்னைக் கவிழ்த்தது. கரண்ட் இல்லாத ஒரு நாள் மேகம் மறைத்த நேரம் பார்த்து, அயர்ன் பாக்ஸ் ஓடும்போதே போர் மோட்டாரைப் போட்டேன். டப்பென்று வீடே இருண்டது. இன்வெர்ட்டர் 5 கிலோவாட்தான், பேட்டரியும் 5.12 யூனிட்தான். பின்பக்கத்து லேபிளில் பொடி எழுத்தில் இருந்தது காரணம்: டிஸ்சார்ஜ் 50 ஆம்பியர். 51.2-ஐ 50-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.5 கிலோவாட்தான் வருகிறது. ஒரு எச்.பி. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும். உள்ளே காவல் காக்கும் பி.எம்.எஸ். கையை விரித்துவிட்டது. சண்டை போட்டு 100 ஆம்பியர் பெட்டியாக மாற்றிய பிறகு மோட்டார் முனகாமல் ஓடுகிறது. யூனிட் என்பது தொட்டியின் அளவு, ஆம்பியர் என்பது குழாயின் வாய். இரண்டையும் கேளுங்கள்.

கேட்க வேண்டியது இன்னும் உண்டு. நம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் மூன்று பேஸ் இணைப்பு சகஜம். சிங்கிள் பேஸ் ஹைபிரிட் ஒரு பேஸைத்தான் காப்பாற்றும், மூன்று பேஸ் மோட்டார் அதில் ஓடாது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் கேபிள் வழியாகப் பேசிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். பேசாவிட்டால் சார்ஜ் எவ்வளவு என்பது வோல்ட்டேஜை வைத்துப் போடும் குத்துமதிப்புதான். மாடித் தகரக் கொட்டகையில் பேட்டரியை வைக்க விடாதீர்கள். எல்.எஃப்.பி. சூடு தாங்கும் என்பார்கள், சித்திரை வெயிலில் அந்தக் கொட்டகையை அவர்கள் பார்த்ததில்லை. ஆறாயிரம் சுழற்சி, பத்து வருட வாரண்டி எல்லாம் அச்சில் அழகாக இருக்கும். பழுதானால் அவிநாசி ரோட்டில் ஆள் இருக்கிறாரா, வெளியூருக்குப் பெட்டியை அனுப்ப வேண்டுமா என்பதை எழுதி வாங்குங்கள்.

பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன்பு, மாட்ட வந்தவர் கிளம்புவதற்குள், மெயினை நீங்களே இறக்குங்கள். பேனல் சுவிட்சையும் அணையுங்கள். பேட்டரியை மட்டும் நம்பி அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், கடைசியாக மோட்டார் என்று வரிசையாகப் போடுங்கள். பத்து நிமிஷம் தாங்கினால் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.