காட்ஜில்லாவின் நடை

1954இல் வந்த முதல் ‘காட்ஜில்லா’ படத்தில் என்னைக் கட்டிப்போடுவது, அது கால் எடுத்து வைக்கிற விதம். பாதம் பதிந்துவிடும், உடம்பு மட்டும் ஒரு நொடி பின்தங்கி அதன்மேல் வந்து உட்காரும். பிறகு வால், தன் போக்கில், சாவகாசமாக வரும். வாலை மேலிருந்து கம்பி கட்டி ஆட்டுகிறார்கள் என்று தெரிந்தபின்னும் அந்தச் சாவகாசம் கெடுவதில்லை.

அந்த நடையில் நடிப்பு பாதி, சுமை பாதி. ஜப்பானின் டோஹோ ஸ்டுடியோவில் எய்ஜி சுபுராயாவின் தந்திரக் காட்சிக் குழு, மூங்கிலும் கம்பியுமாகக் கூடு கட்டி, வலையும் துணியும் சுற்றி, மேலே ரப்பர் பூசிச் செய்த முதல் உடுப்பு ஏறக்குறைய 100 கிலோ. உள்ளே புகுந்த நடிகர் ஹருவோ நகஜிமாவால் சில அடிகளுக்குமேல் நகர முடியவில்லை. அதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. இடுப்போடு அறுத்து, கீழ்ப்பாதியைக் கயிறு போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, கால் மட்டும் தெரிகிற காட்சிகளை எடுத்தார்கள். முழு உருவத்துக்கு இன்னொரு உடுப்பு தைத்தார்கள். அதுவும் ஒன்றும் இலேசில்லை.

தோலை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒழுங்கான செதில் வரிசையே கிடையாது. வெந்து ஆறிய புண்போல முண்டும் முடிச்சும். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் கிளம்பி வந்த விலங்கு என்பது கதை. ஹிரோஷிமா நடந்து 9 ஆண்டுகளே ஆகியிருந்த ஊரில் அந்தத் தோலுக்கு வசனம் எதற்கு?

நகஜிமா வெளியே பார்ப்பது காட்ஜில்லாவின் கண் வழியாக இல்லை. கழுத்திலுள்ள சிறு துளைகள் வழியாக. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோவை அந்த இடுக்கில் பார்த்துக்கொண்டேதான் மிதிக்கிறார். கேமராவை வேகமாக ஓடவிட்டு எடுத்ததால் திரையில் எல்லாம் மெதுவாகி, சரிகிற சுவருக்கும் விழுகிற காலுக்கும் டன் கணக்கில் எடை கூடிவிடுகிறது. யானையையும் கரடியையும் மிருகக்காட்சி சாலையில் போய்ப் பார்த்து நடை பழகியவர் அவர். விளக்குச் சூட்டில், ரப்பருக்குள் வியர்வையில் ஊறியபடி, 1972 வரை அந்த வேடத்தைக் கட்டினார்.

1965 படமொன்றில் அதே நகஜிமா, அதே காட்ஜில்லாவாக, துள்ளிக் குதித்து ஆட்டமே போடுகிறார். பிள்ளைகள் கைதட்டியிருப்பார்கள். எனக்கென்னவோ அந்தப் பழைய ரப்பரின் விறைப்புதான் வேண்டியிருக்கிறது.