வேட்டை ஏடும் வேட்டையாடப்பட்ட மக்களும்

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூசுவெல்ட் 1885-இல் வெளியிட்ட வேட்டை நூல் ‘ஹண்டிங் டிரிப்ஸ் ஆஃப் எ ராஞ்ச்மேன்’. டகோட்டாப் புல்வெளியில் குதிரையேறி அலைந்ததையும், வீழ்த்திய மானைப் பண்ணைக்குச் சுமந்து வந்ததையும் அவர் தீட்டும் திறம் பெரிது. அதனை நாம் மறுக்கவில்லை.

நாம் மறுப்பது அந்நூல் பேசும் நியாயத்தை! காட்டெருமையின் அழிவு விலங்குலகுக்குத் துயரமாம். மனித குலத்துக்கோ நன்மையாம். ‘செவ்விந்தியர் சிக்கல்’ தீர அதுவே வழியாம்!

யார் அந்த மனித குலம்? லகோட்டா மக்கள் அக்கணக்கில் இல்லையா? அவர்கள் குதிரையில் விரைந்து, ஓடும் எருமையை நெருங்கி அம்பெய்தனர். இறைச்சியைக் குதிரைமேல் ஏற்றிக் குடியிருப்புக்குக் கொணர்ந்தனர். கீற்றாக அரிந்து உலர்த்தினர். இடித்துக் கொழுப்புச் சேர்த்துக் குளிர்காலத்துக்கு வைத்தனர். தோல் கூடாரமாயிற்று. வணிக வேட்டைக்காரரோ தோலை உரித்துக்கொண்டு இறைச்சியை அழுகவிட்டனர். கோடிக்கணக்கில் திரிந்த இனத்தில், 1889-இல் ஹார்னடே எடுத்த கணக்கின்படி எஞ்சியவை 1,091. பசி வந்தது; நிலம் போயிற்று. சிக்கல் ‘தீர்ந்தது’ இவ்வாறே!

1905-இல் காட்டெருமையைக் காக்கச் சங்கம் எழுந்தபோது, ரூசுவெல்ட் அதன் மதிப்புறு தலைவர். நன்று! விலங்குக்குச் சுரந்த இரக்கம், அதனை உண்டு வாழ்ந்த மனிதனுக்கு அந்த ஏட்டில் ஏன் சுரக்கவில்லை?

உணவைப் பறித்துவிட்டு விதி என்றாலும், வளர்ச்சி என்றாலும், பறித்தது பறித்ததே. நடையழகைச் சுவைப்போம், நியாயத்தை நிறுத்துப் பார்ப்போம். பகுத்தறிவாளர் நூல் படிக்கும் முறை அதுவே.