ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ஒரு ஃப்ளாப்பி. கறுப்பு, மூன்றரை அங்குலம், 1.44 எம்.பி.

'இதைத் திறந்து குடுக்க முடியுமா சார்? கடையில கேட்டா சிரிக்கிறாங்க.'

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள் அல்லவா? நடப்பவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்ட, ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்போது சிறுவர்களாக இருந்து அதைப் பார்த்த கிழவர்கள் சிலரை இவர் 1998-ல் சைக்கிளில் தேடிப்போய்ப் பேட்டி எடுத்திருக்கிறார். டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் அடித்து வாங்கினார். கையெழுத்துப் பிரதி வீடு மாறியபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போனது. கிழவர்களும் போய்விட்டார்கள். மிச்சம் இந்த ஃப்ளாப்பிதான்.

யு.எஸ்.பி.யில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை நண்பரிடம் கடன் வாங்கினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன ஃப்ளாப்பி, இரண்டு முறை முனகிவிட்டுப் படித்துவிட்டது. வேர்ட் ஃபைல்கள். திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துக்கள், நடுநடுவே அரைப்புள்ளிகள். பூனை கீபோர்டில் படுத்து எழுந்தது போல.

'வைரஸா?' என்றார் ஆசிரியர்.

வைரஸ் இல்லை, பாமினி. அந்தக் காலத்தில் இலங்கையிலும் புலம்பெயர்ந்த தேசங்களிலும் இங்கேயும் மிகப் பிரபலமாக இருந்த எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கம்ப்யூட்டர் சேமித்துக்கொள்வதும் அந்த ஆங்கில ஐந்தைத்தான். ஜே-யின் படத்தை அழித்து அந்த இடத்தில் 'த' படத்தை வைத்திருப்பார்கள், அவ்வளவே. அதாவது நாம் பத்து, பதினைந்து வருஷம் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்துக்கு வேட்டி கட்டிவிட்டிருந்தோம். எழுத்துரு இல்லாத இடத்தில் வேட்டி அவிழ்ந்துவிடும்.

இதற்காக பாமினியைத் திட்ட மனசு வரவில்லை. மொத்தம் 256 இடம்தான், அதிலும் பாதி ஆங்கிலத்துக்கு. நமக்கோ 247 எழுத்து, கிரந்தம் தனி. இருந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக நெருக்கி உட்காரவைத்தார்கள். அது இல்லாவிட்டால் எத்தனையோ சிறுபத்திரிகைகள் வந்திருக்காது. என் கோபம் வேறு ஆசாமிகள் மேல். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டது. ஒருவரின் 'க' இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு 'ளு'. சிலர் கம்ப்யூட்டரின் பின்னால் செருக 'லாக்' என்று ஒரு சாமான் கொடுத்தார்கள். அது தொலைந்தால் நீங்கள் எழுதியதை நீங்களே படிக்க முடியாது. பீரோவை விற்றுவிட்டுச் சாவியை வாடகைக்குக் கொடுத்த மாதிரி. 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்களை அரசு அறிவித்தது. மின்னஞ்சல் அன்பர்கள் திஸ்கி என்று மூன்றாவதை வைத்திருந்தார்கள். தரம் என்பது ஒன்றாக இருந்தால்தான் தரம் என்பதை நமக்கு யாரும் சொல்லவில்லை.

யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000-ல் அது வேலையும் செய்தது. எக்ஸ்பி-யில் ஒரு பெட்டியில் டிக் போட்டால் ஒரிஜினல் சி.டி.யைப் போடு என்று கேட்கும். ஒரிஜினல் சி.டி. நம்மில் யாரிடம் இருந்தது? யூனிகோடிலும் குறை உண்டு. பதினெட்டு மெய்யில் கடைசிப் பிள்ளையான 'ன'வைக் கொண்டுபோய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அகரவரிசைப்படுத்த அதற்கென்று தனி விதி தேவைப்படுகிறது. இருந்தாலும் அதில் 'த' என்பது 'த'தான். யாருடைய கம்ப்யூட்டரிலும், போனிலும். தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010-ல்.

ஆசிரியரின் ஃபைலுக்கு வருவோம். பாமினியை யூனிகோடாக்கும் கருவிகளைத் தமிழர்கள் தங்கள் சொந்த நேரத்தில் எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். சுரதாவின் 'பொங்குதமிழ்' அவற்றில் ஒன்று. நாற்பது பக்கம் ஒரு நொடியில் தமிழானது. கலெக்டரைப் பற்றி ஆசிரியர் ஆங்கிலத்தில் மேற்கோள் காட்டிய இடங்களும் சேர்ந்து தமிழாகிவிட்டன. 'சால்ட்' என்ற ஆங்கிலச் சொல் 'ளயடவ' என்று நின்றது. அவற்றைக் கையால் திருத்தினோம்.

கடைசிப் பதினோரு பக்கம் மட்டும் மசியவில்லை. முதல் கடைக்காரர் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் ஏற்றிவிட்டதால் இவர் கடை மாறியிருக்கிறார். இரண்டாவது கடையில் வேறு மென்பொருள், லாக் வைத்தது. விற்ற கம்பெனி இப்போது இல்லை. எழுத்துருவின் பெயர் தெரிகிறது, எழுத்துரு எங்கும் இல்லை. துப்பறியும் கதைபோல எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். தமிழில் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் புள்ளி கும்பலாக நிற்கும். எது அதிகம் வருகிறதோ அதைப் புள்ளி என்று வைத்துக்கொண்டேன். பத்தி முடிவில் 'றார்' என்று வரக்கூடிய இடங்களிலிருந்து மூன்று எழுத்துக்கள் கிடைத்தன. நாலு ராத்திரியில் ஒன்பது பக்கம் படிக்க வந்தது. ஆசிரியருக்கு ஊர்ப்பெயர்கள் மனப்பாடமாக இருந்ததால்தான் அதுவும். பொட்டலத்தில் புளியோதரைதான் இருந்தது, தயிர்சாதம் வழியில் புளித்துவிடும் என்று ஒரு கிழவர் சொன்ன வரி எழுத்தெழுத்தாக வெளிப்பட்டபோது ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மீதி இரண்டு பக்கம் இன்னும் வரவில்லை.

இது பழங்கதை என்று நினைத்தால், உங்களிடம் இருக்கும் ஏதாவதொரு தமிழ் பி.டி.எஃப்.பைத் திறந்து ஒரு வரியை காப்பி எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பலவற்றில் பூனைதான் படுத்திருக்கும். பி.டி.எஃப். பார்வைக்கு லட்சணமாக இருக்கும். தேடினால் ஒரு சொல் கிடைக்காது. புத்தகம் போடுகிறவர்கள் அச்சகத்திலிருந்து யூனிகோட் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் மீதிப் பணத்தைத் தரத் தயங்குங்கள்.

ஆசிரியர் நாற்பத்தொன்பது பக்கத்தையும் சின்னப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அச்சகத்தில் இன்னும் பேஜ்மேக்கர், 2001-ல் கடைசிப் பதிப்பு வந்த அதே பேஜ்மேக்கர். சாயங்காலம் ஆசிரியர் போன் செய்தார்.

'சார், பழைய ஃபான்ட்டுக்கு மாத்திக் குடுத்தா வேலை சீக்கிரம் முடியும்ங்கிறாங்க. மாத்த முடியுமா?'